வடலூர் டியூட்டி

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே செந்தமிழ்ச்செல்வனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. ஒன்று, எந்த விலங்குக்கும் பெயர் வைக்கக்கூடாது. இரண்டு, ஆய்வு முடிந்த விலங்குகள் வடலூருக்குப் போய்விடும்.

முதலாவதைச் சொன்னவர் டாக்டர் ஸ்ரீமதி. கம்பெனியின் கால்நடை மருத்துவர், தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். "பேர் வச்சா பாசம் வந்துடும். பாசம் வந்தா டேட்டா கெட்டுடும்" என்றார், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்கிற குரலில்.

இரண்டாவது, தலைமை டெக்னீசியன் சுப்பராயலுவின் பேச்சுவாக்கில் விழுந்தது. காலியாகக் கிடந்த ஒரு வரிசைக் கூண்டுகளைக் காட்டி, "இங்க இருந்ததெல்லாம் எங்கண்ணே?" என்று செல்வன் கேட்டான்.

"வடலூர் போயிடுச்சு" என்றார் அவர், கூண்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே.

கடலூர் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறு மாவட்டத்துக்காரனாக இருந்தால் 'வடலூரா, அங்க என்னா?' என்று கேட்டிருப்பான், கேட்டிருந்தால் தப்பித்திருப்பான். செல்வனுக்கு வடலூர் என்றால் வள்ளலார். வள்ளலார் என்றால் கொல்லாமை, அணையாத அடுப்பு, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் சோறு. மனுஷனுக்கே கேள்வி கேட்காமல் இலை போடுகிற ஊரில் முயலுக்கு ஒரு பிடி புல் போடமாட்டார்களா. ஆராய்ச்சிக்கு உழைத்த முயல்கள் கடைசிக் காலத்தில் வடலூரில் ஓய்வெடுக்கின்றன. அரசு ஊழியருக்கே பழைய பென்ஷன் இல்லாத காலத்தில் முயலுக்கு இருந்தது. செல்வனுக்குக் கம்பெனிமேல் மரியாதை வந்தது.

கம்பெனியின் பெயர் நெய்தல் பயோ. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. 'ஹாரன் அடிக்காதீர்' என்று மட்டும் ஒரு பலகை. அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி என்று நினைத்து ஒரு பிரசவ ஆட்டோ வந்து திரும்பிப் போனதாக டோனி சொன்னான். டோனி கடலூர் முதுநகர்க்காரன், செல்வனுக்கு ஒரு வருஷம் முன்பே சேர்ந்த டெக்னீசியன், ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பாடுகிறவன். மற்ற ஆறு நாளும் முயல் கூண்டு கழுவும்போது பாடுவான். முயல்கள் ஆட்சேபித்ததில்லை.

வடலூர்ச் செய்தியை அன்று மாலையே செல்வன் அம்மாவிடம் சொன்னான். சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் அவனும் அம்மாவும்தான். அம்மா கொளஞ்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். வள்ளலார் வழிச் சன்மார்க்கக் குடும்பம், அந்த வீட்டுக்குள் முட்டை ஓடு கூட நுழைந்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தினமும் அண்டா நிறைய முட்டை அவிக்க வேண்டும், அது அரசாங்க உத்தரவு. கொளஞ்சியம்மாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முட்டை என்று சொல்வதில்லை. 'வெள்ளக் கெழங்கு' என்பார். "வெள்ளக் கெழங்கு வெந்துடுச்சான்னு பாரு", "மூணாவது பையனுக்கு வெள்ளக் கெழங்கு வரல." கிழங்கை வேக வைத்தால் யாருக்கும் பாவமில்லை. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, தலைமையாசிரியரே ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் வெள்ளைக் கிழங்கு இருப்பு சரியாக உள்ளது என்று சொல்லிவிட்டார்.

மகன் விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போகிறான் என்றதும் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"உசுரு எடுக்குற எடமா இருந்தா வாணாம்பா. போனா, நான் திட்ட மாட்டேன், அழ மாட்டேன். ஆனா அந்தக் கைக்கு நான் சோறு போட மாட்டேன்."

கொளஞ்சியம்மாள் சும்மா சொல்கிறவர் இல்லை. சொந்தத் தம்பி கறிக்கடை வைத்த நாளிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. தம்பி வந்தால் நாற்காலி போடுவார், நலம் விசாரிப்பார். சொம்பு மட்டும் வராது.

"எல்லாம் முடிஞ்சா வடலூருக்கு அனுப்பிடுறாங்கம்மா" என்றான் செல்வன்.

அம்மா கைவேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "நம்ம வடலூருக்கா?"

"வேற எந்த வடலூரு."

அன்றிரவு சாப்பாட்டில் அப்பளம் இருந்தது.

வேலை கஷ்டமில்லை. உள்ளே போகுமுன் குளிக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் நீலக் கவுனை மாட்ட வேண்டும். பவுடர், சென்ட், திருநீறு எதுவும் கூடாது. தண்ணீர் புட்டி மாற்றுவது, தட்டுக் கழுவுவது, எடை பார்ப்பது. முயலைத் தூக்கும்போது பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உதறுகிற உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். இதை செல்வன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். அவன் கைக்கு வந்தால் முயல்கள் அடங்கின. "உன் கை நல்ல கை" என்றார் டாக்டர் ஸ்ரீமதி. அவர் பாராட்டுவது அரிது என்பதால் செல்வன் அதை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான்.

எல்லா முயலுக்கும் காதில் பச்சை குத்திய எண் இருந்தது. முப்பத்தொன்று மட்டும் ஒரு தினுசு. அவன் உள்ளே வந்தால் பின்னங்காலால் கூண்டுத் தரையை டொக்கென்று ஒரு தட்டுத் தட்டும். பயத்தில் தட்டுவதாகப் புத்தகம் சொல்கிறது. வரவேற்கிறது என்று செல்வன் எடுத்துக்கொண்டான். பெயர் வைக்கக் கூடாது என்ற விதியை அவன் மீறவில்லை. வீட்டில் அம்மா, "முப்பத்தொண்ணு இன்னிக்குத் தட்டுச்சா?" என்று கேட்பார். எண் பெயராகிவிட்டால் அதற்கு என்ன செய்வது என்று விதியில் இல்லை.

"அம்மா ஒரு பூசத்துக்குப் போயி வடலூர்ல நம்ம மொசலுங்கள பாக்கணும்னாங்கடா" என்று ஒருநாள் டோனியிடம் சொன்னான்.

டோனி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணீர் வரச் சிரித்தான். "உங்கம்மா செம ஆளு மச்சான்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று செல்வனுக்குப் புரியவில்லை. வேதக்காரப் பையன், வடலூரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டான்.

வாரம் ஒருமுறை ஐஸ் பெட்டி ஒன்றைச் சிதம்பரத்திலுள்ள ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கும். சாம்பிள் என்று சொல்லித் தருவார்கள். ரத்தமோ மருந்தோ, எதுவோ, அவன் கேட்டதில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவான். கடலூர்ப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியோடு ஒருவன் ஏறினால் உலகம் என்ன நினைக்குமோ அதையே பக்கத்து இருக்கை ஆரோக்கிய ராணியும் நினைத்தார். துறைமுகத்தில் மீன் எடுத்துச் சிதம்பரத்தில் விற்கிறவர்.

"என்ன மீனு தம்பி?"

"மீன் இல்லக்கா. சாம்பிள்."

"அது எந்தக் கடல்ல படுது?"

"நாங்க சைவம்க்கா."

"எல்லாரும் ஏதோ ஒண்ணு" என்றார் ஆரோக்கிய ராணி. பெட்டியின் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். "ஐஸ் பத்தாது. ஒழுவுது பாரு."

செல்வன் குனிந்து பார்த்தான். பேன்ட்டில் ஈரம் படிந்திருந்தது. வீட்டுக்குப் போய்த் துவைத்தபோது தண்ணீர் லேசாகச் சிவந்தது. ஏதோ சாயம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆய்வு முடிந்த வாரம் சுப்பராயலு சொன்னார்: "இந்தத் தடவ வடலூர் டியூட்டி உனக்குடா. மேடம் உன் பேரத்தான் சொன்னாங்க."

கொளஞ்சியம்மாள் காலையிலேயே மார்க்கெட் போய்விட்டார். ஒரு கட்டைப்பை நிறையக் கேரட், மேலே அகத்திக்கீரை. "வழியில வாடுனா தண்ணி தெளி. எறக்கி விட்டதும் ஒடனே திரும்பிடாத. புது எடம், கொஞ்ச நேரம் கூட நில்லு. முப்பத்தொண்ணுக்குன்னு தனியா ரெண்டு கேரட் குடு."

செல்வன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். அன்று குளியலறையைத் தாண்டி உள்ளே போகப்போவதில்லை என்பதால் தைரியமாகத் திருநீறும் பூசிக்கொண்டான். கேட்டருகே பையோடு நின்று வண்டிக்காகக் காத்திருந்தான். சவுக்குத் தோப்பில் காற்று இல்லை. செக்யூரிட்டி ஒருமுறை பையை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுப்பராயலு வெளியே வந்தார். "என்னடா, பொண்ணு பாக்கப் போறியா? போயி குளிச்சிட்டுக் கவுன மாட்டு."

"வடலூருக்குண்ணே."

"ஆமா, வடலூருக்குத்தான். கவுன மாட்டு."

"வண்டி?"

"வண்டி எதுக்கு. கடைசி ரூமு."

செல்வன் அவர் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. அதுதான் அவனுக்கு முதலில் பயத்தைத் தந்தது. பின்னால் வந்த டோனி கட்டைப்பையைப் பார்த்தான், திருநீற்றைப் பார்த்தான்.

"மச்சான்" என்றான் பிறகு, மெதுவாக. "நீ நெசமாவே நெனச்சியா?"

யாரும் சிரிக்கவில்லை. டோனி அவன் கையிலிருந்து பையை வாங்கிச் சுவரோரம் வைத்தான். "முன்னாடி 'மேல அனுப்பு'ன்னுதான் சொல்லிட்டிருந்தோம். ஒருநாளு மேல் மாடியிலேந்து எம்.டி. எறங்கி வந்து, எனக்கு என்னத்த அனுப்புனீங்கன்னு கேட்டுட்டாரு. அப்புறந்தான் சுப்பராயலு அண்ணன் மாத்துனாரு."

"நல்ல பேரா இருக்கட்டுமேன்னு" என்றார் சுப்பராயலு. அவர் வியாழக்கிழமை கவிச்சி தொடாதவர். "வேற ஊரு எதுவும் வாயில வரல."

கடைசி அறையின் கதவுக்கு உட்புறம் கறுப்புத் திரை. இத்தனை நாளில் செல்வன் அதன் வெளிப்புறத்தை மட்டுமே துடைத்திருக்கிறான். சிதம்பர ரகசியம் என்று டோனி அதைச் சொல்வான். திரைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது என்று செல்வன் நம்பியிருந்தான். இருந்தது ஓர் எஃகு மேசை, மடித்து வைத்த துண்டு, வரிசையாக ஊசிகள், கையுறை போட்ட டாக்டர் ஸ்ரீமதி. மேசையின் மறுமுனையில் அந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, திறந்தபடி, ஐஸ் நிரப்பி, காத்திருந்தது.

செல்வனுக்குப் பேன்ட்டில் படிந்த ஈரம் நினைவுக்கு வந்தது.

"மேடம், எங்கம்மா" என்று ஆரம்பித்தான்.

டாக்டர் கோபப்படவில்லை. "நீ புடிக்கலன்னா வேற யாராவது புடிப்பாங்க. பழகாத கை. அதுங்க பயந்து ஒதறும். உன்கிட்டன்னா தூங்குற மாதிரி போயிடும். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

இதற்குப் பதில் உண்டா என்று செல்வன் பிற்பாடு பல நாள் யோசித்தான். அப்போது பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, முதல் முயலைத் தூக்கினான்.

டாக்டர் சொன்னபடியேதான் நடந்தது. காதின் ஓர நரம்பில் ஊசி, ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, பிறகு கையில் கனம் மாறும். ஒன்றுகூட உதறவில்லை. அவன் கை நல்ல கை. முப்பத்தொன்று மட்டும் மேசையில் வைத்ததும் பின்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது. எஃகின் மேல் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கதவை யாரோ வெளியிலிருந்து தட்டுவதாக நினைத்து சுப்பராயலு திரும்பிப் பார்த்தார்.

மாலையில் டேப் ஒட்டிய பெட்டி அவன் மடியில் இருந்தது. ஆரோக்கிய ராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் சாம்பிளா?"

"இல்லக்கா" என்றான் செல்வன். "மீனு."

அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கேரட்டையும் கீரையையும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாடு தின்றது.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "நல்லபடியா எறக்கி விட்டியா?"

"ம்."

"முப்பத்தொண்ணு?"

"அதுவுந்தான்."

"கேரட்டு?"

"சாப்புட்டுச்சும்மா."

அம்மா சோறு போட்டார். செல்வன் வலது கையைச் சோப்புப் போட்டு மூன்றாம் முறையாகக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னால் இந்தத் தட்டு இனி வராது. சொல்லாமல் சாப்பிட்டான். ரசம் நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரமே, வடலூரில் சோதி காட்டும் மாசப் பூசம் வந்தது. "நீ வேலைக்குப் போ, நான் போயி நம்ம மொசலுங்கள ஒரு எட்டுப் பாத்துட்டு, சோதியும் பாத்துட்டு வரேன்" என்று கொளஞ்சியம்மாள் இன்னொரு கட்டைப்பையோடு கிளம்பினார். தடுக்கச் செல்வன் பல காரணங்களை யோசித்தான். வெயில் என்றான். வடலூருக்குப் போகாதே என்று மட்டும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

அன்று முழுக்கக் காலிக் கூண்டுகளைக் கழுவினான். கழுவும்போதெல்லாம் அம்மா தருமசாலை வாசலில் நின்று யாரையோ விசாரிப்பது தெரிந்தது. 'கம்பெனிலேந்து வந்த மொசலுங்க எங்கப்பா இருக்கு?' பரிமாறுகிறவர் கரண்டியோடு நிமிர்ந்து பார்க்கிறார். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் பார்க்கிறார்கள். அம்மா கையில் கேரட் பை.

அவன் வீடு திரும்பியபோது அம்மா வந்துவிட்டிருந்தார். கட்டைப்பை காலியாக, நான்காக மடித்து அலமாரியில் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"பாத்தியாம்மா?" வாசல்படியில் நின்றபடியே கேட்டான்.

"பாத்தேன்."

"எல்லாம் இருந்துச்சா?"

"இல்லாம எங்க போவும். வெள்ள வெளேர்னு, செவப்புக் கண்ணோட. முப்பத்தொண்ணு என்னப் பாத்ததும் டொக்குன்னு ஒரு தட்டுத் தட்டுச்சு." அம்மா தட்டைக் கழுவி எடுத்து வந்தார். "ஒக்காரு, சாப்புடு."

சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். பிறகு அடுப்பங்கரைக்குள் போய் ஒரு கிண்ணத்தோடு வந்து, அவித்து, தோலுரித்து, இரண்டாக வகுந்த ஒன்றைச் சோற்றின் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் கரு அவனைப் பார்த்தது.

"என்னாம்மா இது?"

"வெள்ளக் கெழங்கு" என்றார் கொளஞ்சியம்மாள்.

"நம்ம வீட்டுலயா?"

"அந்தக் கைக்கு நம்ம வீட்டுச் சோறு தனியா ஆவாது. இது சேந்தாத்தான் ஆவும்." திட்டவில்லை, அழவில்லை. எதிரே எப்போதும் உட்காருகிற இடத்தில் எப்போதும்போல் உட்கார்ந்தார். "கடையில வாங்கியாந்தேன். கடக்காரன் ரெண்டு தரம் கேட்டான், உங்களுக்காம்மான்னு. ஆமான்னுட்டேன். சாப்புடுப்பா, ஆறுது."

அவன் சாப்பிட்டான். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கிழங்கு மாதிரிதான் இருந்தது.

"உன்னையும் கேட்டாங்க" என்றார் அம்மா, தட்டை எடுக்கும்போது.

"யாரு?"

"அங்க மொசலப் பாத்துக்குறவுங்க. அனுப்பி வச்ச புள்ளைய ஏன் இட்டாரலன்னாங்க. வர்ற பூசத்துக்கு இட்டாரேன்னு சொல்லிட்டேன்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாரா, புத்தி பிசகிவிட்டதா, இல்லை உண்மையிலேயே எதையாவது பார்த்தாரா என்று கேட்க வேண்டுமானால் முதலில் அவன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவில்லை. அவரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் தட்டில் வெள்ளைக் கிழங்கு மட்டும் தவறாமல் வந்தது.

கம்பெனிக்குப் புது முயல்கள் வந்தன. எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தன. புது முப்பத்தொன்று சாதுவான முயல்; தட்டாது. அதன் கூண்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது செல்வன் மூச்சை அடக்கிக்கொண்டு வைப்பான்.

"அம்மா வடலூர் போனாங்களே, என்னா சொன்னாங்க?" என்று டோனி கேட்டான்.

"மொசலுங்கள பாத்தாங்களாம். காலத் தட்டுச்சாம்."

டோனி இந்த முறை சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சிலுவை போட்டுக்கொண்டான். அன்று அவன் பாடவும் இல்லை.

பூசத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தான் செல்வன். காரணம் என்ற இடத்தில் 'வடலூர் செல்வதால்' என்று எழுதியிருந்தான். சுப்பராயலு படித்தார். தாளைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார்.

"வேற எதனா எழுதுடா" என்றார். "இங்க இப்பிடி எழுதுனா பாக்கறதுக்கு நல்லால்ல."

செல்வன் அடித்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதினான். எழுதிய பிறகு உண்மையிலேயே உடம்பு சுட்ட மாதிரி இருந்தது.

பூசத்தன்று அம்மா அவனுக்கு வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தார். நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசினார். கட்டைப்பை போன தடவையைவிடக் கனமாக இருந்தது. "நீ தூக்கிக்க" என்றார்.

டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பூச நாளில் வடலூர்ப் பஸ் இப்படி இருக்காதே என்று செல்வன் நினைத்தான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதற்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அந்தப் பிடி செல்வனுக்குத் தெரிந்த பிடியாக இருந்தது. உதறத் தோன்றவில்லை.

கண்டக்டர் வந்து நின்றார். "எங்க?"

செல்வன் வாயைத் திறந்தான். ஊர்ப் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பஸ் எதன்மேலோ ஏறி இறங்கியது. இருக்கைக்கு அடியில் தகரம் டொக்கென்று ஒருமுறை தட்டியது.

"எங்க தம்பி போவணும்?"

"லேடீஸுக்குத்தான் ஃப்ரீயாச்சேப்பா, எனக்குக் காசு கெடையாது" என்றார் கொளஞ்சியம்மாள், மகனின் கையை விடாமல். "இவனுக்கு மட்டும் வடலூர் ஒண்ணு போடு."